மணமில்லா வாயுவை மோப்பம் பிடிப்பது எப்படி?

சென்ற ஆண்டு எங்கள் வேதியியல் துறையில் நடந்த அறிவியல் கண்காட்சியில், எரிபொருள் மின்கலத்தை விளக்கும் மேசை என் பங்குக்கு வந்தது. ஹைட்ரஜனும் காற்றும் கூடி மின்சாரமும் நீருமாக மாறும் விந்தையை வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஹைட்ரஜன் கசிந்தால் ஆபத்து, அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது என்று சொல்லி நிறுத்தியபோது, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "அப்போ எங்க வீட்டு காஸ்ல சேக்கிற மாதிரி இதுலயும் ஒரு நாத்தத்தைச் சேத்துட்டா தெரிஞ்சிடுமே அக்கா?"

நல்ல கேள்வி. ஆராய்ச்சியாளர்களும் கேட்டுப் பார்த்த கேள்விதான். அதற்குரிய விடையைச் சொல்லிவிட்டால், ஹைட்ரஜனைக் காவல் காப்பதற்கு ஏன் தனியாக ஒரு கருவி வர்க்கமே வேண்டியிருக்கிறது என்பது விளங்கிவிடும்.

சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் சொல்லும்படியான மணம் இல்லை. எத்தில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்துதான் அதை நாற வைக்கிறார்கள். கந்தகம் அடுப்புக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. ஆனால் எரிபொருள் மின்கலத்துக்குள் இருப்பது அடுப்பன்று, பிளாட்டினம். கந்தகச் சேர்மங்கள் பிளாட்டினத்தின் பரப்பில் ஒட்டிக்கொண்டு, ஹைட்ரஜன் வந்து அமர வேண்டிய இடங்களை அடைத்துவிடும். நாம் வினைவேகவியல் பாடத்தில் 'வினையூக்கி நச்சு' என்று படிக்கிறோமே, அதுதான். வாகனங்களின் மின்கலத்துக்குச் செலுத்தும் ஹைட்ரஜனில் மொத்தக் கந்தகம் நூறு கோடிப் பங்கில் 4 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று பன்னாட்டுத் தர விதி கூறுகிறது. மூக்குக்கு எட்டும் அளவு மெர்காப்டனைக் கலந்தால் இந்த எல்லை எங்கோ பின்னால் நின்றுவிடும்.

இன்னொரு தடையும் உண்டு. கிரஹாமின் விரவல் விதியை நினைவுகூருங்கள். எத்தில் மெர்காப்டனின் மூலக்கூறு எடை 62, ஹைட்ரஜனுடையது 2. 31-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 5.6. ஆகவே ஒரு நுண்ணிய துளை வழியே ஹைட்ரஜன் மெர்காப்டனைவிட ஐந்தரை மடங்கு விரைவில் வெளியேறும். திருடன் ஓடிய பிறகு நாய் குரைப்பதைப் போலத்தான்.

மணம் சேர்ப்பது ஆகாது என்றால், மூக்கைத்தான் செய்தாக வேண்டும். அந்தச் செயற்கை மூக்குக்கு 'உணரி' என்று பெயர்.

காவல் எதற்கு?

எரிபொருள் மின்கலம் புதிய சரக்கு அன்று. 1839-இலேயே பிரிட்டனின் வில்லியம் குரோவ் அதன் முன்மாதிரியைச் செய்து காட்டினார். 1965-இல் பறந்த ஜெமினி 5 விண்கலம் முதன்முதலாக அதை விண்வெளிக்குக் கொண்டு சென்றது. பின்னர் அப்பல்லோவும் விண்வெளி ஓடங்களும் அதையே நம்பின. 2014 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் காரில் 370 மின்கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். நம் பக்கத்திலும் அது வந்துவிட்டது. 2024 பிப்ரவரி 28 அன்று, கொச்சிக் கப்பல் கட்டும் தளம் கட்டிய ஹைட்ரஜன் மின்கலப் படகு தூத்துக்குடியில் நடந்த விழாவிலிருந்து தொடங்கிவைக்கப்பட்டது. 2025 ஜூலையில் சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஹைட்ரஜனால் ஓடும் ரயில் பெட்டி சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆகவே இது அயல்நாட்டு அதிசயம் என்று ஒதுக்கிவிடத்தக்கதன்று. நம் வகுப்பிலிருந்து வேலைக்குப் போகிறவர்களில் சிலர் இந்த வாயுவின் அருகிலேயே நிற்க நேரலாம்.

நூற்றுக்கணக்கான மின்கலங்களை அடுக்கினால், அவற்றுக்கிடையே நூற்றுக்கணக்கான அடைப்பு வளையங்கள் இருக்கும். அதற்கு மேல் குழாய்கள், திருகு இணைப்புகள், அடைப்பிதழ்கள். உலகிலேயே மிகச் சிறிய மூலக்கூறுகளுள் ஒன்றை, காரின் தொட்டியில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 700 மடங்கு அழுத்தத்தில் அடைத்து வைத்துவிட்டு, எங்கும் கசியாது என்று எந்தப் பொறியாளரும் சத்தியம் செய்ய மாட்டார்.

கசிந்தால் என்ன ஆகும்? காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காட்டிலிருந்து 75 விழுக்காடு வரை எந்த விகிதத்தில் இருந்தாலும் தீப்பற்றும். இத்தனை அகன்ற எல்லை வெகு சில வாயுக்களுக்கே உண்டு. பற்றவைக்க 0.02 மில்லி ஜூல் ஆற்றல் போதும். மீத்தேனுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. நைலான் சட்டையைக் கழற்றும்போது தெறிக்கும் நிலைமின் பொறியே தாராளம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 கிலோ ஹைட்ரஜன் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 12 கன மீட்டர் இடத்தைப் பிடிக்கும். 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஒரு வகுப்பறையின் கொள்ளளவு 300 கன மீட்டர். கதவு சன்னல்களைச் சாத்திவிட்டு 1 கிலோ ஹைட்ரஜனைத் திறந்துவிட்டு நன்றாகக் கலக்கினால் சரியாக 4 விழுக்காடு! மிராய் காரின் தொட்டிகளில் இருந்தது ஏறத்தாழ 5 கிலோ. உண்மையில் அது சீராகக் கலப்பதும் இல்லை. காற்றைவிடப் பதினான்கு மடங்கு எடை குறைந்தது என்பதால் கூரையை ஒட்டித் திரளும். தரையில் ஒன்றுமே இல்லாதபோதும் கூரையடியில் தீப்பற்றும் கலவை உருவாகியிருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. திறந்த வெளியில் ஹைட்ரஜன் மேலெழுந்து கலைந்துவிடும். பெட்ரோல் ஆவியைப் போலத் தரையில் படுத்துக் கிடந்து பற்றிக்கொள்ள ஆள் தேடாது. ஆகவே ஹைட்ரஜனைக் கண்டு அஞ்ச வேண்டிய இடம் மூடிய இடமே.

தீப்பற்றிய பிறகாவது தெரியுமா என்றால், அதுவும் பகலில் சரியாகத் தெரியாது. அதன் சுவாலை மிக மங்கலானது. அமெரிக்க விண்வெளி நிலையங்களில் முற்காலத்தில் பணியாளர்கள் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார்களாம். துடைப்பம் பற்றிக்கொண்டால் அங்கே தீ இருக்கிறது என்று பொருள். இன்று அந்த வேலையைப் புற ஊதாக் கதிரை உணரும் கருவிகள் செய்கின்றன.

எரித்துப் பார்க்கும் உணரி

1823-இல் ஜெர்மனியின் யேனா நகரப் பேராசிரியர் டோபரைனர், பஞ்சு போன்ற பிளாட்டினத்தின்மேல் ஹைட்ரஜனைப் பாய்ச்சினார். தீக்குச்சியில்லாமல், பொறியில்லாமல் அது பற்றிக்கொண்டது! துத்தநாகத்தையும் அமிலத்தையும் கொண்டு ஹைட்ரஜன் தயாரித்துப் பிளாட்டினத்தின்மேல் விடும் ஒரு விளக்கையும் அவர் செய்தார். தீப்பெட்டி பரவும் முன்னர் ஐரோப்பிய வீடுகளில் அது தீமூட்டியாகப் பயன்பட்டது.

வினையூக்கி உணரி என்பது டோபரைனர் விளக்கின் பேரப்பிள்ளை. நுண்ணிய பிளாட்டினக் கம்பிச் சுருள் ஒன்றை அலுமினா மணிக்குள் பதித்து, மணியின்மேல் பல்லேடியம் அல்லது பிளாட்டினம் பூசியிருப்பார்கள். கம்பியில் மின்னோட்டம் செலுத்தி மணியைச் சூடாக வைத்திருப்பார்கள். எரியும் வாயு வந்து பட்டால் மணியின் பரப்பிலேயே எரியும், வெப்பம் ஏறும், கம்பியின் மின்தடை கூடும். பக்கத்தில் பூச்சில்லாத இன்னொரு மணி இருக்கும். வானிலை மாறினால் இரண்டும் ஒன்றாக மாறும். வாயு வந்தால் ஒன்று மட்டும் மாறும். இரண்டையும் வீட்ஸ்டன் சமனச் சுற்றில் பூட்டினால் வேறுபாடு முள்ளில் தெரிந்துவிடும். இளங்கலை இரண்டாமாண்டு இயற்பியல் ஆய்வகத்தில் நாம் செய்யும் அதே சோதனைதான். இந்த மணி உணரி 1959-இல் இங்கிலாந்தின் சுரங்கப் பாதுகாப்பு ஆய்வாளர்களால் மீத்தேனுக்காக உருவாக்கப்பட்டது.

எரிப்பதற்கென்றே சூடாக வைத்த ஒரு பொருளை வெடிக்கும் வாயுவின் நடுவே வைப்பது புத்திசாலித்தனமா என்று கேட்கலாம். மணியைச் சுற்றி நுண்துளைகள் கொண்ட உலோக மூடி இருக்கும். உள்ளே எரியும் தீ துளை வழியே வெளிவருமுன் குளிர்ந்து அணைந்துவிடும். 1815-இல் ஹம்ப்ரி டேவி தம் சுரங்க விளக்கின் கம்பி வலையில் கையாண்ட தத்துவமே அது.

இந்த உணரி மலிவானது, உழைப்பாளி. ஆனால் ஹைட்ரஜனையும் மீத்தேனையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. எரிய ஆக்ஸிஜனும் வேண்டும். ஆக்ஸிஜன் இல்லாத குழாய்க்குள் வைத்தால் நூறு விழுக்காடு ஹைட்ரஜன் சூழ்ந்திருந்தாலும் சும்மா இருக்கும்.

காவலனும் அதே சாதி

என்னை மிகவும் கவர்ந்தது மின்வேதி உணரி. அதன் உள்ளமைப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் பிளாட்டின மின்வாய்; அங்கே ஹைட்ரஜன் மூலக்கூறு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகிறது. நடுவே மின்பகுளி, அமிலமாகவோ அயனிகளைக் கடத்தும் பலபடிச் சவ்வாகவோ இருக்கும். மறு பக்கம் இன்னொரு மின்வாய். அங்கே அயனி காற்றின் ஆக்ஸிஜனோடு கூடி நீராகிறது. வெளிச்சுற்றில் மின்னோட்டம் பாய்கிறது.

இது எரிபொருள் மின்கலமேயல்லவா? ஆம். எரிபொருள் மின்கலத்தைக் காவல் காப்பது பொத்தானளவே உள்ள இன்னொரு எரிபொருள் மின்கலம்! வேறுபாடு ஒன்றுதான். பெரிய மின்கலத்துக்கு வேண்டிய அளவு ஹைட்ரஜனைத் தாராளமாக ஊட்டுகிறோம். உணரிக்கு முன்னால் மட்டும் ஒரு மெல்லிய தடுப்பு வைத்து, பட்டினி போடுகிறோம். தடுப்பின் வழியே எத்தனை மூலக்கூறு விரவி வருகிறதோ அத்தனையும் உடனே வினைப்படும். ஆகவே மின்னோட்டம் வெளியே உள்ள ஹைட்ரஜன் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

பத்து லட்சத்தில் சில பங்கு ஹைட்ரஜனைக்கூட இது கண்டுபிடித்துவிடும். மின்சாரச் செலவு மிகக் குறைவு. ஆனால் கார்பன் மோனாக்ஸைடைக் கண்டாலும் ஹைட்ரஜன் என்றே சொல்லும். அமிலம் வறண்டால் தளர்ந்துவிடும். சில ஆண்டுகளில் மாற்றியாக வேண்டும். கடுங்குளிரில் மந்தப்படும்.

காவலனும் காக்கப்படும் பொருளும் ஒரே சாதி என்பதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. பெரிய மின்கலத்துக்கு எது நஞ்சோ, பெரும்பாலும் அதுவே உணரிக்கும் நஞ்சு. கந்தகம் அப்படி. அதைவிடக் கொடியது சிலிகோன். அடைப்பு வளையங்களிலும் பசைகளிலும் மெருகேற்றும் தெளிப்பான்களிலும் இருக்கும் சிலிகோன் ஆவி சூடான மணியின்மேல் பட்டுச் சிதைந்து, மணலின் வேதிப்பொருளாகிய சிலிகா படலமாகப் படிந்துவிடும். கசிவைத் தடுப்பதற்காக இட்ட சிலிகோன் அடைப்பே கசிவைக் காட்ட வேண்டிய உணரியின் கண்ணைக் கட்டிவிடும் என்பது எத்தனை விந்தை!

மற்ற வழிகள்

ஹைட்ரஜனின் வெப்பக் கடத்துதிறன் காற்றினதைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. சூடான கம்பி ஒன்றைக் காற்றில் வைத்து, அது எவ்வளவு விரைவாகக் குளிர்கிறது என்று பார்த்தாலே ஹைட்ரஜன் இருப்பது தெரிந்துவிடும். வேதிவினை எதுவும் இல்லாததால் நஞ்சுக்கு அஞ்ச வேண்டியதில்லை, ஆக்ஸிஜனும் வேண்டாம். ஆனால் மிகச் சிறிய கசிவு இதன் கண்ணில் படாது. ஹீலியத்தைக் கண்டால் ஏமாறும்.

வெள்ளீய ஆக்ஸைடு உணரியை 1962-இல் ஜப்பானின் தகுச்சி கண்டுபிடித்தார். அங்கே வீடுகளில் எரிவாயு கசிந்து நேர்ந்த விபத்துகளைத் தடுப்பதற்காக எழுந்தது அது. சூடான ஆக்ஸைடின் பரப்பில் ஆக்ஸிஜன் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பறித்து வைத்திருக்கும்; மின்தடை அதிகமாக இருக்கும். ஹைட்ரஜன் வந்து அந்த ஆக்ஸிஜனை அப்புறப்படுத்தினால் எலக்ட்ரான்கள் விடுதலை பெறும், மின்தடை சரியும். கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதால் நம்மைப் போன்ற மாணவர்களின் செல்லப்பிள்ளை இதுதான்.

எங்கள் கண்காட்சி மேசையில் இரண்டை வைத்திருந்தோம். கண்ணாடி மீன்தொட்டியைக் கவிழ்த்து, ஒன்றை மேல்மூலையிலும் இன்னொன்றைத் தரையிலும் பொருத்தி, துத்தநாகமும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தந்த ஹைட்ரஜனைச் சிறிதளவு குழாய் வழியே விட்டோம். பேராசிரியர் அருகிலேயே நின்றார். தீக்குச்சி என்ற பேச்சே கூடாது என்பது அவர் கட்டளை. மேல் உணரி முதலில் விழித்துக்கொண்டது. கீழ் உணரி வெகு நேரம் தூங்கியது. உணரியை எங்கே வைப்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை. ஆனால் பார்வையாளர் ஒருவர் கைகளில் கிருமிநாசினி தடவிக்கொண்டு தொட்டியருகே குனிந்தபோதும் அதே உணரி அலறியது! சாராய ஆவியும் ஹைட்ரஜனும் அதற்கு ஒன்றுதான். காற்றின் ஈரப்பதமும் அதன் கணக்கைக் கெடுக்கும். எரிபொருள் மின்கலத்தின் கழிவுப் போக்கியில் வருவதோ முழுக்க நீராவி.

ஹைட்ரஜனை மட்டும் அடையாளம் காணும் பொருள் ஒன்று உண்டு. அது பல்லேடியம். விரவல் விதி தந்த அதே தாமஸ் கிரஹாம்தான் 1866-இல் அந்த உலோகம் தன் பருமனைப் போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்வதைக் கண்டார். பஞ்சு நீரைக் குடிப்பதுபோல் உலோகம் வாயுவைக் குடிக்கிறது. குடித்தால் வீங்கும், மின்தடை கூடும், ஒளியைத் திருப்பும் தன்மையும் மாறும். இம்மூன்றில் எதை அளந்தாலும் ஓர் உணரி கிடைத்துவிடும். 1975-இல் சுவீடனின் இங்மார் லுண்ட்ஸ்ட்ரோம் குழுவினர் டிரான்சிஸ்டர் ஒன்றின் வாயிலில் பல்லேடியத்தைப் பூசினர். ஹைட்ரஜன் மூலக்கூறு உடைந்து, அணுக்கள் உலோகத்தினூடே ஊடுருவி அடியில் மின் இருமுனைப் படலமாக அமர, டிரான்சிஸ்டரின் மின்னழுத்தம் நகர்ந்தது. 1984-இல் ஒளியிழையின்மேல் பல்லேடியம் பூசிய உணரி வந்தது. ஒளியால் இயங்கும் உணரிக்கு இருக்கும் பெருமை, கசிவிடத்துக்கு மின்கம்பியே போக வேண்டாம் என்பது. பொறி எழ வழியே இல்லை.

பல்லேடியத்திலும் குறையுண்டு. ஹைட்ரஜன் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் உலோகத்தின் படிக அமைப்பே வேறு நிலைக்குத் தாவும். ஏறும்போது ஒரு வழி, இறங்கும்போது வேறு வழி. அதனால் ஒரே அளவுக்கு இரண்டு விதமான விடை வரும். பலமுறை வீங்கிச் சுருங்கினால் படலம் வெடித்து உரியும். வெள்ளி, நிக்கல், தங்கம் ஆகியவற்றுள் ஒன்றைக் கலந்து இதை அடக்குகிறார்கள். 2019-இல் சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தார் பல்லேடியமும் தங்கமும் கலந்த நுண்துகள்களைப் பிளாஸ்டிக் படலத்தால் போர்த்தி, காற்றில் 0.1 விழுக்காடு ஹைட்ரஜனை ஒரு நொடிக்குள் உணரும் கருவியைச் செய்தனர். போர்வை ஹைட்ரஜனை உள்ளே விடும். கார்பன் மோனாக்ஸைடைத் தடுக்கும்.

அந்த ஒரு நொடிக்கு ஒரு கதை உண்டு. வாகன உணரிகள் 0.1 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடு வரை அளக்க வேண்டும், பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை முதல் 80 பாகை வரை வேலை செய்ய வேண்டும், ஒரு நொடிக்குள் விடை சொல்ல வேண்டும், பத்தாண்டு உழைக்க வேண்டும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை இலக்கு வகுத்தது. இவற்றுள் ஒன்றையோ இரண்டையோ நிறைவேற்றுவது எளிது. எல்லாவற்றையும் ஒரே உணரியில், அதுவும் மலிவாகக் கேட்டால்தான் தொல்லை. ஆகவே ஒரே உணரியை நம்பாமல் வெவ்வேறு தத்துவத்தில் இயங்கும் இரண்டு மூன்றைச் சேர்த்து வைப்பதே அறிவுடைமை என்பேன். கிருமிநாசினியைக் கண்டு ஒன்று கூச்சலிட்டால், வெப்பக் கடத்தல் உணரி அமைதியாக இருக்கும். இரண்டும் கூச்சலிட்டால் ஓட வேண்டியதுதான். எச்சரிக்கை மணியை 4 விழுக்காட்டில் வைப்பதும் கிடையாது. அதில் கால் பங்கான 1 விழுக்காட்டிலேயே அடிக்கும்படி வைப்பது பரவலான வழக்கம். மணியோடு நில்லாமல், தொட்டியின் அடைப்பிதழை மூடவும் காற்றாடியைச் சுழற்றவும் உணரியே கட்டளையிடும்படி அமைப்பார்கள்.

இருக்கிறது என்றால் எங்கே?

உணரி "ஹைட்ரஜன் இருக்கிறது" என்று சொல்லும். "இந்தத் திருகாணியில் கசிகிறது" என்று சொல்லாது. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு 1990-ஆம் ஆண்டு அமெரிக்கர்களுக்குப் பாடம் கற்பித்தது. கசிந்தது எரிபொருள் மின்கலம் அன்று, விண்வெளி ஓடத்தின் பெரிய எஞ்சினுக்குத் திரவ ஹைட்ரஜன் செல்லும் வழி. ஆயினும் சிக்கல் ஒன்றே. மே மாத இறுதியில் கொலம்பியா ஓடத்தில் எரிபொருள் நிரப்பும்போது கசிவு தெரிந்தது. தொட்டியையும் ஓடத்தையும் இணைக்கும் பகுதியை மாற்றினார்கள். செப்டம்பரில் மீண்டும் நிரப்பினார்கள். ஓடத்தின் பின்பகுதியில் ஹைட்ரஜன் மீண்டும் எல்லை மீறியது. பம்புகளை மாற்றினார்கள், மீண்டும் கசிவு. கடைசியில் அடைப்பிதழ் ஒன்றில் சிதைந்திருந்த ஒரு டெஃப்லான் வளையம் அகப்பட்டது. கொலம்பியா டிசம்பர் 2 அன்றுதான் பறந்தது. இடையில் அட்லாண்டிஸ் ஓடத்திலும் கசிவு தெரிந்து அதுவும் மாதக்கணக்கில் முடங்கியது. நிறைநிரல்மானி கொண்டு வாயுவை ஆராயும் வசதி இருந்தும் இந்த நிலை.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஆர்டெமிஸ் 1 ராக்கெட்டிலும் இதே நாடகம் நடந்தது, ஒரு திருப்பத்தோடு. 2022 ஆகஸ்ட் 29 அன்று எஞ்சின் ஒன்று போதுமான அளவு குளிரவில்லை என்று காட்டியதால் பயணம் நிறுத்தப்பட்டது. எஞ்சின் சரியாகத்தான் இருந்தது. வெப்பநிலை உணரிதான் தவறாகச் சொன்னது என்று பின்னர் முடிவு செய்தார்கள். செப்டம்பர் 3 அன்று ஹைட்ரஜன் இணைப்பில் கசிவு என்று காட்டியது. இம்முறை உணரி சொன்னது உண்மை. அடைப்பைச் சரியாக அமர்த்த மூன்று முறை முயன்றும் முடியாமல் மீண்டும் நிறுத்தினார்கள். ஐந்து நாள் இடைவெளியில் ஒரு பொய், ஒரு மெய்! முதல் பொய்யால் மனம் சலித்து இரண்டாவதையும் பொய் என்று தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நவம்பர் 16 அன்று ராக்கெட் புறப்படும் முன்னர் மேடையில் ஒரு ஹைட்ரஜன் அடைப்பிதழ் கசிந்தது. மூன்று பேர், எரிபொருள் நிரம்பிய ராக்கெட்டின் அடிக்கே சென்று, மரையாணிகளை முறுக்கிவிட்டு வந்தார்கள்.

இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு இன்றும் பல தொழிற்கூடங்களில் முதலில் கைக்கு வருவது சோப்பு நீர்தான். மிதிவண்டிக் கடைக்காரர் டியூபை வாளி நீரில் முக்குவதற்கு ஒப்பானது. உயர் அழுத்தக் கசிவுக்கு வேறு வழியும் உண்டு. நுண்துளையில் பீறிடும் வாயு நம் காதுக்கு எட்டாத மீயொலியை எழுப்பும். அதைக் கேட்கும் கருவி, காற்று வாயுவை எந்தத் திசையில் அடித்துச் சென்றாலும் கசிவை உணர்ந்துவிடும். திறந்த வெளியில் இது மிகவும் வேண்டியது. ஏனெனில் அங்கே ஹைட்ரஜன் உணரி இருக்கும் பக்கமாகவே வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2019 ஜூன் 10 அன்று நார்வேயில் ஆஸ்லோ நகரருகே ஹைட்ரஜன் நிரப்பு நிலையம் ஒன்று வெடித்தது. உயர் அழுத்தத் தொட்டியின் ஓர் அடைப்பானைச் சரியாகப் பூட்டாததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. வெடிப்பின் அதிர்ச்சியில் அருகே சாலையில் சென்ற காரின் காற்றுப் பைகள் விரிந்து இருவர் காயமடைந்தனர்.

பூச்சியம் என்பதன் பொருள்

எல்லாவற்றிலும் எனக்கு அச்சம் தருவது கசிவைக் காட்டும் முள் அன்று; அசையாமல் பூச்சியத்தில் நிற்கும் முள். ஹைட்ரஜன் இல்லாத தூய காற்றில் உணரி பூச்சியம் காட்டும். சிலிகோன் படிந்து செத்துப்போன உணரியும் பூச்சியமே காட்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று. கம்பி அறுந்திருந்தால் மின்சுற்றே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் கம்பி நன்றாக இருந்து, மின்னோட்டம் ஓடி, மணி சூடாகவும் இருந்து, மேற்பரப்பு மட்டும் செத்திருந்தால் எந்த மின்சோதனையிலும் அது அகப்படாது.

அறிய ஒரே வழி, உணரிக்கு உண்மையான ஹைட்ரஜனைக் கொடுத்துப் பார்ப்பதுதான். அளவு தெரிந்த ஹைட்ரஜன் கலவை நிரப்பிய சிறு உருளையை எடுத்துச் சென்று, உணரியின் முகத்தில் சில நொடிகள் விட்டு, முள் எவ்வளவு ஏறுகிறது, எத்தனை நொடியில் ஏறுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். அளவு குறைந்திருந்தால் திருத்துவார்கள். ஏறவே இல்லையென்றால் கழற்றி எறிவார்கள். சலிப்பூட்டும் வேலை. கூரைக்கு ஏணி போட்டு ஏற வேண்டும்; குறிப்பேட்டில் தேதி எழுத வேண்டும்; அடுத்த தவணையில் மீண்டும் ஏற வேண்டும். ஆள் ஏற முடியாத இடங்களுக்காகச் சில மின்வேதி உணரிகளின் உள்ளேயே ஒரு சிறு மின்பகுப்புக் கலத்தை வைத்திருக்கிறார்கள். குறித்த நேரத்தில் அது தானே துளியளவு ஹைட்ரஜனை உண்டாக்கி உணரியின்மேல் ஊதும். முள் அசைந்தால் உணரி உயிரோடு இருக்கிறது. அசையாவிட்டால், கசிவு எதுவும் இல்லாதபோதே மணி அடிக்கும்.